உதைக்காத துப்பாக்கி

சனிக்கிழமை காலைகளில் காமாக்ஷி சுடுவாள். அவள் கணவன் ஸ்ரீவத்சன் துப்பாக்கியின் லீவரை இழுத்துக் கொடுப்பான். 1999 கோடையில், அடையாற்றில் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் ஒரு நீளமான தகரக் கொட்டகையில் நடந்துவந்த சின்ன ரைஃபிள் கிளப்பில் எல்லோருக்கும் அது பழகிப்போன காட்சி.

அது ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள். பக்கவாட்டில் இருக்கும் லீவரைப் பின்னால் இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் அழுந்தி, பிஸ்டன் கொக்கியில் மாட்டி, ‘டக்’ என்று சத்தம் வரும். பிறகு மிளகு அளவுக் குண்டை உள்ளே வைத்து, லீவரைத் திருப்பி மடக்கிவிட்டுச் சுட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ஓர் இழுப்பு. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்த நாளிலிருந்து காமாக்ஷி அதைத் தானேதான் இழுத்துக்கொண்டிருந்தாள். தி. நகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை, மயிலாப்பூரில் குடித்தனம், இரண்டுக்கும் நடுவில் அவள் விடாமல் வைத்துக்கொண்ட ஒரே பழக்கம் இது.

முந்தின வருஷம் அவளுடைய வலது மார்பில் ஒரு கட்டி வந்தது. மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். அதன்பின் மருந்து, கதிர்வீச்சு. முடி கொட்டியது, திரும்ப முளைத்தது. எல்லாம் முடிந்த அன்றைக்கு டாக்டரம்மா வலது கையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

“கனம் தூக்கக் கூடாது. வேகமா எதையும் இழுக்கக் கூடாது. ஒரு தடவை வீங்கிட்டா அப்புறம் வடியறது கஷ்டம்.”

“சுடலாமா டாக்டர்?”

“தோசை தாராளமா சுடலாம்.”

ஸ்ரீவத்சன் விளக்கிச் சொன்ன பிறகு டாக்டரம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். இடது கை தாங்கட்டும், வலது கை சும்மா அணைத்துக்கொண்டிருந்தால் போதும் என்றால் சரி என்றார். லீவரை இழுப்பது மட்டும் கூடவே கூடாது.

அதனால்தான் ஸ்ரீவத்சன் வந்தான். டெலிபோன் இலாகாவில் இன்ஜினீயர். வாழ்க்கையில் ஒரு குண்டுகூடச் சுட்டவன் இல்லை. ஆனால் அவள் பக்கத்தில் நின்று லீவரை இழுப்பதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான். இழுத்து, ‘டக்’ சத்தம் கேட்டதும், பச்சைக் குழந்தையைக் கைமாற்றுவதுபோல அவளிடம் நீட்டுவான். அவள் சுடுவாள். அவன் மறுபடி வாங்கிக்கொள்வான்.

ஜூன் மாதம் கிளப் செயலாளர் ஜெயராம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். பருமனான, மெதுவாகப் பேசுகிற மனிதர்.

“செப்டம்பர்ல ஸ்டேட் மேட்ச் வருது. உங்க பேரைக் குடுக்கட்டுமா?”

“குடுங்கோ சார்.”

“அங்க யாரும் பக்கத்துல நின்னு உதவி பண்ண முடியாது. நாற்பது குண்டையும் நீங்களேதான் ஏத்தணும். விதி அப்படி.” அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இல்லன்னா மேட்ச் வேண்டாம், இங்கயே சனிக்கிழமை சனிக்கிழமை சுடலாம். அதுவும் நல்லதுதான்.”

அதுவும் நல்லதுதான் என்ற வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வருஷமாக எல்லோரும் அவளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜீஷான் அவனுடைய துப்பாக்கியைக் கொடுக்க முன்வந்தான். ஜீஷான் ராயப்பேட்டைக்காரன். தோல் வியாபாரக் குடும்பம். கிளப்பிலேயே நன்றாகச் சுடுகிறவன். தேசியப் போட்டிகளுக்குப் போய்வந்தவன். அந்த வருஷம் ஜெர்மனியிலிருந்து அவனுக்குப் புது ரகத் துப்பாக்கி ஒன்று வந்திருந்தது. பி.சி.பி. என்றார்கள். அதில் ஸ்பிரிங் கிடையாது, பிஸ்டன் கிடையாது. குழலுக்கு அடியில் ஒரு சின்ன சிலிண்டர். அதில் காற்றை மிகுந்த அழுத்தத்தில் முன்கூட்டியே அடைத்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் ஒரு துளி காற்று வந்து குண்டைத் தள்ளும். குண்டு வைக்கிற மூடியை இரண்டு விரலால் திறந்து மூடலாம்.

“ஆம்பூர்ல புது யூனிட் போடறோம் அக்கா. ஒரு வருஷம் நான் அங்கதான். இது சும்மா கெடந்தா ரப்பர் சீலெல்லாம் காஞ்சுடும். நீங்க வெச்சு சுடுங்க. பெரிய சிலிண்டரையும் குடுத்துட்டுப் போறேன். அதுலேர்ந்து இதுக்கு ரொப்பிக்கலாம்.”

“முதல்ல சுட்டுப் பார்க்கறேன் ஜீஷான்.”

தோளில் அணைத்துக்கொண்டாள். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. குறி பார்த்தாள், மூச்சைப் பாதியில் நிறுத்தினாள், ட்ரிகரைத் தொட்டாள். ‘டப்’ என்று ஒரு சின்ன சத்தம், வேறொன்றும் நடக்கவில்லை. ஸ்பிரிங் துப்பாக்கியில் தோளில் முதலில் பின்பக்கம் ஓர் இடி விழும், உடனே முன்பக்கம் ஓர் இழுப்பு. உதையே தெரியாத ஸ்பிரிங் துப்பாக்கிகளும் உண்டுதான், ஆனால் அவளுடையது பழையது, நன்றாகவே உதைக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த உதை ஒவ்வொரு தடவையும் தழும்பின் மேல் ஓரத்தில் போய்ச் சேர்ந்தது. வலி என்று சொல்ல முடியாது, ஆனால் உடம்பு அதற்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

இப்போது உதை வரவில்லை. ஆனாலும் குறி அட்டையைக் கொண்டுவந்து பார்த்தால் குண்டு நடுவில் இருக்கும் பத்தில் இல்லை, ஏழாம் வளையத்தில் கிடந்தது. இரண்டாவது வலது பக்கம் கீழே. மூன்றாவதும் அங்கேயே.

“இதுல ஏதோ தப்பு இருக்கு,” என்றாள்.

ஜீஷான் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தினான். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. துப்பாக்கி ஒதைக்கல. ஆனா ஒதைக்கப் போவுதுன்னு நீங்க ஒரு செகண்ட் முன்னாடியே தோளை இறுக்கறீங்க. ஸ்பிரிங்ல குண்டு வெளிய வர்றதுக்குள்ளயே துப்பாக்கி ஆடிடும். எங்க போனாலும் பாதிப் பழி துப்பாக்கிக்கு, பாதி நமக்கு. இதுல அந்த மொதல் பாதி கெடையாது.”

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்சீட்டில் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். இத்தனை மாதமாகத் தன் மதிப்பெண் குறைந்ததற்குத் தழும்பையும் பழைய ஸ்பிரிங்கையும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் அவள் பயந்துகொண்டிருந்தாள், ஒவ்வொரு குண்டுக்கும். அது வெளியே தெரியாமல் இருந்ததற்கு உதை ஒரு மறைப்பு.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் சொன்னாள்: “அதையே எடுத்துக்கலாம்னு தோண்றது.”

ஸ்ரீவத்சன் மோரை ஊற்றிக்கொண்டான். “எடுத்துக்கலாம். காத்து?”

“பெரிய சிலிண்டர் தரேங்கறானே.”

“அது காலியாச்சுன்னா? சைக்கிள் கடையில போய் அடிக்கற காத்தா அது? கார் டயருக்கு அடிக்கறதைப் போல நூறு மடங்கு அழுத்தம் வேணும். மெட்ராஸ்ல அதை யார் அடைச்சுத் தருவா? ஒரு ரப்பர் வளையம் போனாலும் ஜெர்மனிக்கு எழுதிப் போடணும். உன்னோடதுல என்ன இருக்கு, ஒரு ஸ்பிரிங். உடைஞ்சா அக்பர் பாஷா கடையில மாத்திக் குடுத்துடுவார். அது மழையில நனைஞ்சாலும் சுடும். யாரையும் நம்பிண்டு இருக்க வேண்டாம்.”

“உங்களை நம்பிண்டு இருக்கேனே.”

“நான் யாரோவா?”

அவன் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கி தன் பலத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. இழுக்க ஒரு கை இருந்தால் போதும். பி.சி.பி.க்கு வெளியிலிருந்து காற்று வந்தாக வேண்டும். கடைசியில், “காத்து எங்க கிடைக்கும்னு நானே விசாரிக்கறேன்,” என்று ஸ்ரீவத்சன் சொன்னதும் பேச்சு முடிந்தது.

ஜீஷான் துப்பாக்கியையும் பெரிய சிலிண்டரையும் கொடுத்துவிட்டு ஆம்பூர் போனான். காமாக்ஷி ஜூலை முழுவதும் அதில் பழகினாள். ஸ்ரீவத்சன் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். சில நாள் எழுந்து எலியட்ஸ் பீச் பக்கம் நடந்துவிட்டு வருவான். திரும்பும்போது வழி முழுக்கப் பேச மாட்டான். களைப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் ஆரம்பத்தில் பெரிய சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் அடிமட்டத்துக்கு வந்தது. “விசாரிச்சேளா?” என்று கேட்டாள். “ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டேன். யாருக்கும் தெரியல,” என்றான். அடுத்த வாரமும் அதே பதில். வெல்டிங் பட்டறையில் கேட்டால் என்ன என்றாள். அங்கே இருப்பது ஆக்ஸிஜன், அதை இதில் அடைத்தால் வெடித்துவிடும் என்று பதறிப்போய்ச் சொன்னான். அது நிஜம்தான். வேறு வழி இல்லாமல் பழைய துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை ஸ்ரீவத்சன் மறுபடி அவள் பக்கத்தில் நின்றான். லீவரை இழுத்தான், ‘டக்’ என்றது, நீட்டினான். அவன் முகம் தெளிந்திருந்தது. ஜெயராமிடம் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடலாமா என்று அவள் யோசிக்க ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஆம்பூரிலிருந்து போன் வந்தது.

“எப்டி போவுது அக்கா? மேட்சுக்கு ரெடியா?”

“காத்து தீர்ந்துபோச்சு ஜீஷான். அடைக்க இடம் கிடைக்கல.”

“ஏன், தொரைராஜ் அண்ணன் இல்லையா? ஆதம்பாக்கத்துல? ஹார்பர்ல தண்ணிக்கடியில முழுகி வேல செய்வாரே, அவர் ஷெட்டுல கம்ப்ரஸர் இருக்கு. நான் அங்கதான் ரொப்புவேன். ஊருக்குக் கெளம்புற அன்னிக்கே சார்கிட்ட அட்ரஸ் சொன்னேனே, எழுதிக்கிட்டாரே.”

“ஓ. மறந்துட்டார் போல இருக்கு,” என்றாள் காமாக்ஷி.

அவன் மறக்கிற ஆள் இல்லை. அவளுடைய மருந்துகளின் பெயரை எல்லாம் இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

ஸ்ரீவத்சன் ஆபீஸிலிருந்து வந்து, கை கால் கழுவி, காபி குடித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். டம்ளரை வைத்ததும் கேட்டாள்.

“துரைராஜ்னு ஒருத்தரைத் தெரியுமா உங்களுக்கு?”

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு மாசமா தெரியும், இல்லையா?”

“தெரியும்.”

“ஏன் இப்படிப் பண்ணினேள்?”

“அந்தச் சிலிண்டரைப் பார்த்தாலே எனக்குப் பயமா இருக்கு காமு. அவ்வளவு அழுத்தத்தை முகத்துக்குப் பக்கத்துல வெச்சுண்டு...”

“பொய் சொல்லாதேங்கோ.”

அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“நான் சொல்லட்டுமா? நீங்க லீவரை இழுத்துட்டுத் துப்பாக்கியைக் குடுக்கறச்சே துப்பாக்கியையும் பார்க்கறதில்லை, அட்டையையும் பார்க்கறதில்லை. என் கையைப் பார்க்கறேள், வீங்கியிருக்கான்னு. அப்புறம் என் மூஞ்சியைப் பார்க்கறேள். ஒவ்வொரு குண்டுக்கும் நான் ஒரு தடவை வியாதிக்காரியா ஆகிட்டுத்தான் சுட வேண்டியிருக்கு. அந்த ஒரு மணி நேரமாவது எனக்கு அது இல்லாம இருக்கணும். அதுக்குத்தான் அந்தத் துப்பாக்கி.”

வெளியே கபாலி கோயில் பக்கம் எங்கேயோ நாதஸ்வரம் ஆரம்பித்து, பாதியில் நின்று, திரும்ப ஆரம்பித்தது. ஸ்ரீவத்சன் டம்ளரை ஓரமாக நகர்த்தினான்.

“ஆஸ்பத்திரியில நான் பண்ணினதெல்லாம் என்ன? வராண்டால நின்னேன். பில்லைக் கட்டினேன். ரத்தம் குடுக்க ஆள் தேடினேன். அதுல எது உனக்கு ஒத்தாசையாச்சு, எது ஆகலன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. மருந்து வேலை செய்யறதான்னு கேட்டா, பொறுத்துத்தான் பார்க்கணும்பா. ஒரு வருஷம் முழுக்க அதே பதில்.” அவன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். “அந்த லீவரை இழுத்தா உடனே ஒரு சத்தம் வரது. நான் ஒண்ணு பண்ணினேன், அது ஆச்சு. வேற எங்கயும் எனக்கு அது கிடைக்கல. அது போயிடுமேன்னு இருந்தது. தப்புதான். உன்கிட்ட மறைச்சது ரொம்பத் தப்பு.”

அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் கோபத்தோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்துகொண்டது. இந்த ஒரு வருஷத்தில் அவனுக்கு என்ன நடந்தது என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்கும் நிலையில் அவள் இல்லைதான். இருந்தாலும் கேட்டதில்லை.

“அட்ரஸைக் குடுங்கோ. நானே போறேன்,” என்றாள்.

“அது கனம். நீ எப்படித் தூக்குவே?”

“ஆட்டோக்காரரைக் கேட்கறேன்.”

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஆட்டோவில் ஆதம்பாக்கம் போனாள். சிலிண்டரை ஆட்டோக்காரர்தான் ஏற்றினார், இறக்கினார். துரைராஜ் ஐம்பது வயதுக்காரர். உப்புத் தண்ணீரில் தலைமுடி செம்பட்டையாகியிருந்தது. ஷெட்டின் மூலையில் கம்ப்ரஸர் அலறிக்கொண்டிருந்தது.

“ஜீஷான் தம்பி சிலிண்டராச்சே இது. அவரு இன்னா, ஊர்ல இல்லியா?”

“ஆம்பூர் போயிருக்கார். இப்ப நான்தான் சுடறேன்.”

“நீயாம்மா?” அவர் ஆச்சரியப்பட்டாலும் அதோடு விட்டுவிட்டார். “ஒக்காரு. மெதுவாத்தான் ஏத்தணும். அவசரப்பட்டா சூடாயிடும். அரை மணி நேரம் புடிக்கும். காலி ஆனா எப்ப வேணா எடுத்துகினு வா. நான் முழுகப் போயிருந்தாலும் வூட்ல ஆள் கீது.”

ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் உதவியும் இல்லாமல் சுட வேண்டும் என்றுதான் இந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தாள். ஆனால் தூக்க ஓர் ஆட்டோக்காரர், அடைக்க ஒரு துரைராஜ், கொடுக்க ஒரு ஜீஷான் என்று பழைய துப்பாக்கியைவிட இதற்குத்தான் அதிகம் பேர் வேண்டியிருந்தார்கள். வித்தியாசம் இவ்வளவுதான்: அவர்கள் எல்லோரும் தங்கள் வேலையை முன்னாலேயே முடித்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். சுடுகிற அந்தக் கணத்தில் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த இடைவெளி ஒன்றுதான் என்று அப்போது புரிந்தது. ஸ்ரீவத்சனிடம் அதை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

மயிலாப்பூர் திரும்பியபோது மத்தியானம். ஆட்டோ நின்ற சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஸ்ரீவத்சன் இறங்கி வந்தான். அவனும் ஆபீஸுக்குப் போகவில்லை. ஒன்றும் கேட்காமல் சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

“முழுசா அடைச்சுட்டாரா?” படியேறும்போது கேட்டான்.

“முழுசா.”

“அந்த சின்ன சிலிண்டர்ல மாட்டறச்சே திருகாணியை மெதுவாத் திறக்கணுமாமே. ஜீஷான் சொன்னான். நான் பண்ணித் தரட்டுமா, இல்ல நீயே பண்ணறயா?”

“சொல்லிக் குடுங்கோ. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கட்டும்.”

அடுத்த வாரங்களில் அவள் குண்டே இல்லாமல் பயிற்சி செய்தாள். கூடத்துச் சுவரில் ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டி, தினம் சாயங்காலம் அதைக் குறிபார்த்து வெறும் ட்ரிகரை மட்டும் தொடுவாள். தோள் இறுகுகிறதா என்று கவனிப்பாள். இறுகும். மறுபடி தொடுவாள். உதை வராது, வராது என்று உடம்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சில நாள் உடம்பு கேட்டது.

போட்டி நடந்த அன்று காலையிலிருந்து மழை. ஸ்ரீவத்சன் கால் டாக்ஸி பிடித்து அவளை ரேஞ்சில் கொண்டுவந்து விட்டான். “நான் எதிர் டீக்கடையில இருக்கேன்,” என்றான், அவள் கேட்காமலேயே.

அந்த வரிசையில் அவளைத் தவிர எல்லோரும் இருபது வயதுப் பெண்கள். முதல் பத்துக் குண்டும் நன்றாகப் போயின. பாதியில் பின்னால் யாரோ ஒரு டப்பாவைக் கீழே போட்டுவிட, அந்தச் சத்தத்தில் அவள் தோள் இறுகி, குண்டு ஆறில் போய் விழுந்தது. அவள் துப்பாக்கியை இறக்கிவைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். முன்பு என்றால் ஸ்ரீவத்சன் முகத்தைப் பார்த்திருப்பாள், அவன் பதறியிருப்பான், அவனைச் சமாதானப்படுத்துவதில் இன்னும் மூன்று குண்டு கெட்டிருக்கும். இப்போது அந்த ஆறு அவளோடு மட்டும் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கப் பார்த்துக்கொண்டிருக்க அது வெறும் ஆறாக ஆயிற்று. நேரம் நிறைய இருந்தது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்தது. அவள் எழுந்து, மூடியைத் திறந்து, அடுத்த குண்டை வைத்தாள்.

பதக்கம் ஒன்றும் இல்லை. மூன்று இடங்களும் சின்னப் பெண்களுக்குப் போயின. ஆனால் தேசியப் போட்டிக்கு அனுப்பத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்ணை அவள் தாண்டியிருந்தாள். ஜெயராம் குடையோடு ஓடிவந்து சொன்னபோது அவளால் உடனே நம்ப முடியவில்லை. பலகையில் தன் பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

டீக்கடையில் ஸ்ரீவத்சன் எழுந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான், ஆனால் கேட்கவில்லை.

“ஒரு ஆறு,” என்றாள் அவள். “என் தப்புதான். ஆனா தாண்டிட்டேன்.”

அவன் தலையை ஆட்டினான். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியில் துடைத்தான். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

“நேஷனல்ஸ் எங்க?”

“டில்லி. டிசம்பர்ல.”

“அதுக்கு முன்னாடி நவம்பர்ல உனக்கு செக்கப் இருக்கு.”

“தெரியும். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.”

டீக்காரர் இரண்டு கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார். மழையில் பஸ் ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று.

“நானும் வரட்டுமா டில்லிக்கு?” என்று கேட்டான் ஸ்ரீவத்சன். “ரயில்ல அந்தச் சிலிண்டரை ஏத்த விடுவாளான்னு வேற விசாரிக்கணும். வரலைன்னாலும் பரவாயில்லை. சும்மாத்தான் கேட்டேன்.”

காமாக்ஷி டீயை ஊதிக் குடித்தாள். அவன் இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை. இவ்வளவு நாளும் கேட்காமலே கூட வந்தவன்.

“வாங்கோ,” என்றாள். “தனியாப் போனா எனக்கும் போரடிக்கும். நான் சுடறச்சே நீங்க செங்கோட்டை பார்த்துட்டு வாங்கோ.”

“குளிருமே அங்க.”

“ஸ்வெட்டர் எடுத்துக்கலாம்.”

மழை விடுகிற மாதிரி இல்லை. அவர்கள் இன்னொரு டீ சொன்னார்கள்.